ஆயில் ஃபில்டர் மாற்றும்போது ஒரு சொட்டும் மண்ணில் விழாமல்

பிக்கப் வண்டியில் ஆயில் ஃபில்டரைக் கழற்றினால் எண்ணெய் சிந்தத்தான் செய்யும், அதற்கு என்ன செய்ய முடியும் என்பது எங்கள் பக்கத்து ஓட்டுநர்களிடம் ஊறிப்போன எண்ணம். முழங்கை வரை கரி வழியும், சேஸிஸ் முழுக்கப் பிசுக்கு ஏறும், கீழே மண்ணில் கறுப்பாக ஒரு திட்டு நிற்கும். இவை இல்லாமல் வேலை முடியாது என்றே நம்பிவிட்டார்கள். முடியும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். கைப்பலமும் கைவேகமும் இதில் இரண்டாம்பட்சம்தான். ஃபில்டரைத் தொடுவதற்கு முன்பே அதற்குள் எவ்வளவு எண்ணெய் நிற்கிறது, பிடி விட்ட நொடியில் அது எந்த வழியாக இறங்கும் என்று பார்த்துவைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நான் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிறவன். பருவத்தில் இலவம்பாடி முள் கத்தரிக்காய்தான் பெரும்பகுதி. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற காய் அது. வண்டி ஒரு நாள் நின்றுவிட்டால் விடியலில் பறித்த காய் சாயங்காலத்துக்குள் வாடத் தொடங்கிவிடும். அதனால் ஆயில் மாற்றும் வேலையை மற்றவர் நேரத்துக்காகக் காத்திருக்காமல் வீட்டிலேயே செய்துகொள்கிறேன். கூலி மிச்சமாவது ஒரு காரணம். வண்டியின் அடிப்பகுதியை அவ்வப்போது என் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

முதலில் அந்த ஃபில்டர் டப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஃபில்டரின் வாயில் நடுவே மரையிட்ட பெரிய துளை ஒன்று இருக்கும். அதைச் சுற்றி வட்டமாகச் சிறு துளைகள். பம்ப் தள்ளுகிற எண்ணெய் சிறு துளைகள் வழியே உள்ளே போய், மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை ஊடுருவி, அழுக்கை வெளியே விட்டுவிட்டு நடுத்துளை வழியே எஞ்சினுக்குப் போகிறது. சிறு துளைகளுக்கு உட்புறம் மெல்லிய ரப்பர் தட்டு ஒன்று உண்டு. எஞ்சின் நின்றதும் அது துளைகளை மூடிக்கொண்டு எண்ணெய் கீழே வடிந்துவிடாமல் பிடித்துவைக்கும். மறுநாள் காலையில் சாவியைத் திருப்பியதும் பேரிங்குகளுக்குத் தாமதமில்லாமல் எண்ணெய் போய்ச் சேர வேண்டும் அல்லவா, அதற்காகச் செய்த ஏற்பாடு. அருமையான ஏற்பாடு. ஆனால் இதனால்தான், எஞ்சினின் அடியில் எண்ணெய் இறக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றிக் கடைசிச் சொட்டு வரை இறக்கிவிட்டாலும் ஃபில்டர் மட்டும் நிறைகுடமாகவே நிற்கிறது. எஞ்சினில் எண்ணெய் இல்லை என்று நம்பி ஃபில்டரைச் சுற்றுகிறவர் மேல் கொட்டுவது இந்த எண்ணெய்தான்.

ஃபில்டர் வாய் மேல்நோக்கி நேராகத் தொங்கும் வண்டியில் கவலை குறைவு. மெதுவாகச் சுற்றி, கிண்ணத்தை இறக்குவதுபோல் நேராக இறக்கிவிடலாம். எஞ்சினின் பக்கவாட்டில் படுக்கை வசமாக இருந்தால் வாயைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் விலகிய உடனே கீழ் உதட்டு வழியாக எண்ணெய் வழியும். தலைகீழாக, வாய் கீழே பார்த்தபடி இருந்தால் உள்ளே இருப்பது அத்தனையும் வந்துவிடும். தோஸ்த், ஏஸ், பொலிரோ பிக்கப் என்று எங்கள் சாலையில் ஓடும் வண்டிகளில் மாடலுக்கு மாடல் இந்த அமைப்பு மாறுகிறது. என்னுடையது படுக்கை வசம். நேர் கீழே சேஸிஸ் சட்டம், அதற்குப் பக்கத்திலேயே ஒரு வயர் கட்டு. ஆகவே நான் சொல்வது பெரும்பாலும் படுக்கை வச ஃபில்டருக்குப் பொருந்தும்.

சட்டத்தில் விழுந்த எண்ணெய்யைத் துடைத்தால் போகாதா என்று கேட்பார்கள். வெளியே தெரிவது போகும். சட்டத்தின் உள்வளைவில் தேங்கியது பல நாள் சொட்டிக்கொண்டே இருக்கும். அதில் ரோட்டுப் புழுதி ஒட்டும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர், ஹோஸ் குழாய் போன்றவை எண்ணெய்யில் ஊறினால் உப்பி மிருதுவாகிவிடும். சைலன்சர் குழாய்மேல் பட்டால் புகை வரும். நிறையப் பட்டால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. வண்டியின் அடிப்பாகம் சுத்தமாக இருந்தால் புதிதாகத் தோன்றும் ஒரு சிறு கசிவு உடனே கண்ணில் பட்டுவிடும். ஏற்கெனவே எண்ணெய் பூசிக்கிடக்கும் எஞ்சினில் எது பழையது, எது புதிது என்று யாராலும் சொல்ல முடியாது. கசிவைக் காட்டிக்கொடுக்கும் தடயத்தை நாமே அழித்துவிடுகிறோம்.

இதற்கு நான் கைக்கொண்டிருக்கும் வழி ஒரு தாம்பாளமும் ஒரு தாழ்வாரமும். தாம்பாளம் என்பது கட்டட வேலையில் கலவை சுமக்கும் பிளாஸ்டிக் சட்டி. வாய் அகலம், விளிம்பு உயரம், அடியில் தள்ளுவதும் சுலபம். தாழ்வாரம் என்பது எண்ணெய்யைச் சட்டிக்கு வழிவிடும் வடிகால், அதை இரண்டு விதமாகச் செய்யலாம். போர்வெல் குழாய் இறக்கும்போது மிஞ்சிய பிவிசி துண்டு எங்கள் ஊரில் எந்த வீட்டுக் கொல்லையிலும் கிடக்கும். ஒரு முழ நீளத் துண்டை நெடுக்கில் பிளந்துகொண்டால் வடிகால் தயார். ஆனால் பிவிசி சூட்டில் நெகிழும், எண்ணெய் நன்றாக ஆறியிருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது இரண்டாவது விதம். காலியான எஞ்சின் ஆயில் கேனின் அடியையும் கைப்பிடியையும் வெட்டிவிட்டு, ஒரு பக்கத்தை நீளவாக்கில் கிழித்தால் வளைந்து கொடுக்கும் தகடு ஒன்று கிடைக்கும். அதை ஃபில்டருக்கும் சேஸிஸ் சட்டத்துக்கும் நடுவே நுழைத்தால் தானாகவே விரிந்து இடுக்கில் பிடித்துக்கொள்ளும். மேல் நுனி ஃபில்டரின் வாய் விளிம்பைத் தாண்டி எஞ்சின் பக்கம் ஓர் அங்குலமாவது உள்ளே போயிருக்க வேண்டும். சொட்டு முதலில் விழுவது அங்கேதான். டப்பாவின் நடுவயிற்றுக்குக் கீழே வைத்தால் பயனில்லை. கீழ் நுனி சட்டிக்குள் தொங்க வேண்டும். வயர் கட்டின் மேல் ஒரு பழைய துணியைச் சுற்றிவிடுவேன்.

கேனை வெட்டுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. முழுசாகக் கிடக்கும் காலிக் கேனில் வடிகட்டிய பழைய எண்ணெய்யை ஊற்றிப் புது ஆயில் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வெட்டிய கேன் அவர்கள் கைக்குப் போனாலும் உதவாது.

கையில் மெல்லிய நைட்ரைல் கையுறை கட்டாயம். பயன்படுத்திய எஞ்சின் ஆயிலில் கரியோடு புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஹைட்ரோகார்பன்களும் சேர்ந்திருக்கும். வருடக்கணக்கில் தோலில் ஊறவிடும் பொருள் அது இல்லை. தினமும் எண்ணெய்யில் கைவைக்கும் பட்டறைத் தம்பிகளிடம் இதை நான் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன்.

இனிச் சூடு. ஓடி வந்த எஞ்சினில் எண்ணெய் 90, 100 டிகிரி வரை இருக்கும். அந்தச் சூட்டில் அடியில் படுத்தால் தோல் வெந்துவிடும். முழுக்க ஆறிய எண்ணெய் கெட்டியாகிக் கொஞ்சம் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், குறிப்பாக மார்கழி விடியலில். நான் வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் விட்டுவிடுவேன். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் கத்திரி நாட்களில் இன்னும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். இரும்பு அவ்வளவு சீக்கிரம் சூட்டை விடாது. எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் சட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தால் எடுக்கத் தோன்றாத சூடு இருக்க வேண்டும். அதுதான் அளவு.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்துவிடுங்கள். பிக்கப்புக்கு உயரம் இருப்பதால் பெரும்பாலும் தூக்காமலே அடியில் போய்விடலாம். தூக்க வேண்டியிருந்தால் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

முதலில் டிரெயின் போல்ட். மேலே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டால் எண்ணெய் விக்கி விக்கி வராமல் சீராக இறங்கும். போல்ட்டைக் கடைசி மரை வரை உள்நோக்கி அழுத்தியபடியே சுற்றி, பிறகு சட்டென்று பக்கவாட்டில் இழுத்துவிட்டால் கை நனையாது. முதலில் எண்ணெய் தூரமாகப் பாய்ந்து விழும், குறையக் குறைய நேர் கீழே வரும். சட்டியை அதற்கேற்ப நகர்த்த வேண்டும். காற்று அடிக்கும் நாளில் கடைசி மெல்லிய ஒழுக்கு நூல்போல் ஆடி வெளியே விழும், அப்போது ஓர் அட்டையால் மறைத்துக்கொள்ளலாம். வாஷரைப் புதிதாகப் போடுங்கள். விலை சொற்பம்.

அடுத்தது ஃபில்டர். பெல்ட் ஸ்பானரால் பிடி விடும் அளவுக்கு மட்டும், கால் சுற்றுக்கும் குறைவாக, நெகிழ்த்துகிறேன். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். ரப்பர் வளையம் எஞ்சினில் தான் பதிந்திருக்கும் இருக்கையை விட்டு விலகும் கணத்தைக் கண்ணால் பார்க்கலாம். டப்பாவின் கீழ் உதட்டில் முதலில் ஒரு கறுப்புக் கோடு மின்னும். கோடு தடித்து, நடுவில் ஒரு முத்தாகத் திரண்டு, தகட்டின் மேல் விழும். அடுத்த சொட்டு, அதற்கடுத்தது, பிறகு ஒழுக்கு. அதற்கு மேல் சுற்றாமல் கையை எடுத்துவிடுவேன். ஒழுக்கு நின்று மறுபடி சொட்டாகும் வரை விட்டுவிட்டு, பிறகு இன்னும் கொஞ்சம் நெகிழ்த்துவேன். இப்படிப் படிப்படியாக விட்டால் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி தகட்டின் வழியே சட்டிக்கு வந்து சேர்ந்துவிடும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் சுற்றினால் கீழ் உதடு மட்டுமில்லாமல் சுற்றுவட்டம் முழுவதிலும் வழியும். எந்தத் தகடும் தாங்காது.

கடைசிச் சுற்றுகளுக்கு முன் ஃபில்டர் மேல் கனமான பிளாஸ்டிக் உறை ஒன்றை மாட்டிக்கொள்கிறேன். உர மூட்டையின் உள்ளுறை இதற்கு மிகப் பொருத்தம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக் கைப்பைகளைத் தேட வேண்டியதே இல்லை. அவை சூட்டிலும் கூர்முனையிலும் கிழிந்தும் போகும். உறைக்கு வெளியிலிருந்தே சுற்றி, மரை விட்டதும் வாயை மேல்நோக்கித் திருப்பினால் ஃபில்டர் உறையோடு இறங்கிவிடும்.

ஆணியால் டப்பாவின் அடிப்புறத்தில் துளை போட்டு முதலிலேயே வடித்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நன்றாகச் சுழலக்கூடிய ஃபில்டருக்கு இது நல்ல வழிதான், மேலே காற்றுப் போக இன்னொரு துளையும் போட வேண்டும். துளை போட்டுவிட்டால் வேலையை முடித்தே ஆக வேண்டும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கைவசம் புது ஃபில்டர் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது.

ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே குத்தித் திருப்பும் பழக்கத்தை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில் என் வண்டிக்கு ஒரு முறை அப்படிச் செய்தார்கள். "இறுகின ஃபில்டர் இப்படித்தான் வரும் அண்ணா" என்றார் மெக்கானிக். டப்பாத் தகரம் வாழைநார் கிழிவதுபோல் சுற்றிலும் கிழிந்து வந்தது, அடித்தட்டு எஞ்சினிலேயே நின்றுவிட்டது. உளி வைத்துத் தட்டித் தட்டி அதை எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இறுகிப்போன ஃபில்டருக்கு உப்புத்தாளை அதன்மேல் சுற்றி, அதற்கு மேல் பெல்ட்டைப் போட்டு இழுத்தால் வழுக்காமல் பிடிக்கும். பெல்ட்டை டப்பாவின் நுனியில் போடாமல் அடித்தட்டுக்கு அருகில் போட வேண்டும்; தகரம் கனமாக இருப்பது அங்கேதான். போன முறை தேவைக்கு மேல் முறுக்கியதால்தான் ஃபில்டர் இறுகுகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

கழற்றிய ஃபில்டரைக் கீழே வைப்பதற்கு முன் அதன் வாயைத் துடைத்துப் பாருங்கள். ரப்பர் வளையம் பள்ளத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் எஞ்சின் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கறுப்பில் கறுப்பாக, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதன்மேல் புது ஃபில்டரை ஏற்றினால் இரண்டு ரப்பர் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். நிறுத்திய இடத்தில் கசியாமலும் இருக்கலாம். சாலையில் வேகம் எடுத்து அழுத்தம் ஏறியதும் பிதுங்கிவிடும். எங்கள் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவருக்கு, எங்கோ வெளியில் ஃபில்டர் மாற்றிவிட்டு வரும்போது, பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் இதுதான் நடந்தது. ஆயில் லைட் எரிந்த உடனே வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்த அவருடைய நிதானத்தால் எஞ்சின் பிழைத்தது. இன்னும் இரண்டு கிலோமீட்டர் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தால் பேரிங் போயிருக்கும்.

இருக்கையைத் துடைத்துவிட்டு, புது ரப்பரில் புது எண்ணெய்யை விரலால் தடவி, கையாலேயே சுற்றுங்கள். ரப்பர் தொட்ட இடத்தில் டப்பாவின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு. அங்கிருந்து எவ்வளவு என்று ஃபில்டரிலேயே அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் முக்கால் சுற்று. கோட்டைப் பார்த்தால் போதும், பலத்தால் அளக்க வேண்டாம்.

என்ன எண்ணெய், எத்தனை லிட்டர் என்பதற்கு வண்டியின் கையேட்டைத் தவிர வேறு யாரையும் கேட்காதீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருந்தால் சாம்பல் குறைந்த எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். பழைய வண்டிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 எல்லாவற்றுக்கும் ஆகும் என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்கக்கூடாது. ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஆயில் லைட்டைப் பாருங்கள். காலி ஃபில்டர் நிரம்ப வேண்டும் என்பதால் சில விநாடிகள் எரிந்து அணையும். அணையவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். டர்போ உள்ள வண்டியில் அந்தச் சில விநாடிகளில் எஞ்சினை உறுமவிடுவது பெரும் தீங்கு. எண்ணெய் எட்டாத டர்போத் தண்டு மிக அதிக வேகத்தில் சுழலும். ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, டார்ச் அடித்து ஃபில்டரின் உதட்டையும் டிரெயின் போல்ட்டையும் பார்க்க வேண்டும். பிறகு அளவுக் கம்பி. ஃபில்டர் குடித்த எண்ணெய்க்கு ஈடாகக் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கும். டீசல் எஞ்சினில் புது எண்ணெய் முதல் ஓட்டத்திலேயே கறுத்துவிடும், அதைக் கண்டு பதற வேண்டாம்.

இனி மண்ணைப் பற்றி. இவ்வளவு பாடுபடுவதற்கு முதல் காரணமே எனக்கு இதுதான். பழைய எண்ணெய்யைக் கரையானுக்கு என்று வேலிக்கால் அடியில் ஊற்றுகிறார்கள், சென்ட்ரிங் பலகையில் தடவுகிறார்கள், சாக்கடையில் விடுகிறார்கள். எங்கள் மாவட்டத்துக்கு இது பொறுக்காது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நாங்கள். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை அதில் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. ஆலை முதலாளிக்கு ஒரு நியாயம், வண்டிக்காரனுக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியாது. மணலடியில் ஓடும் நீரை நம்பிக் கிணறு வெட்டியிருக்கும் ஊரில், ஒரு கேன் கழிவு ஆயில் எங்கே போகிறது என்று கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டு அபாயகரமான கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அபாயகரமான கழிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கடைசியில் போய்ச் சேர வேண்டும்.

தப்பித் தவறிக் கீழே விழுந்துவிட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது, பரவத்தான் செய்யும். ரைஸ் மில்லில் கிடைக்கும் உமியையோ மரத்தூளையோ தாராளமாகக் கொட்டிக் காலால் தேய்த்தால் உறிஞ்சிக்கொள்ளும். அதை அள்ளித் தனி மூட்டையாகக் கட்டி, கழிவு எண்ணெய்யோடு சேர்த்தே ஒப்படைக்க வேண்டும், அடுப்பில் போடக்கூடாது. எஞ்சின் ஆயில் மாற்றும் நாளில் நான் ஒரு சாக்கு உமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஸ்பானரையே எடுப்பேன்.

பழைய ஃபில்டரை வாய் கீழாக ஓர் இரவு முழுக்கக் கவிழ்த்து வைத்தால் இன்னும் கணிசமான எண்ணெய் இறங்கும். அதற்குப் பிறகு தகரக் கத்தரியால் டப்பாவைத் திறந்து காகித மடிப்பை விரித்துப் பார்ப்பது என் வழக்கம். ஹாக்சா போட்டால் அதன் தூளே உள்ளே விழுந்து குழப்பும். மடிப்பில் காந்தத்தில் ஒட்டும் பொடி இருந்தால் இரும்பு தேய்கிறது. செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங்கைக் கவனிக்க வேண்டிய நேரம். கரி மட்டும் இருந்தால் நிம்மதி. வெறும் தகரம் காயலான் கடைக்குப் போகலாம், எண்ணெய் ஊறிய காகிதம் உமி மூட்டையோடு சேரும்.

எங்கள் ஊரில் பிக்கப் வைத்திருக்கும் சிலர் சேர்ந்து, நெல் களத்தை ஒட்டிய கொட்டகையில் மூடியுள்ள டிரம் ஒன்று வைத்திருக்கிறோம். கழிவு ஆயில் மட்டும் அதில் விழ வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் ஆயில், பெயிண்ட் கழுவிய டீசல் எதுவும் கலக்கக்கூடாது, கலந்தால் எடுப்பவர் வாங்க மாட்டார். டிரம்மை மழை நனைக்காத இடத்தில், செங்கல் அடுக்கி உயர்த்தி வைத்திருக்கிறோம்; அடியில் ஒரு தகரத் தட்டு. நிறைந்ததும், மறுசுழற்சிக்காரர் வந்து எடுக்கும் சர்வீஸ் சென்டர் ஒன்றுக்கு என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய் ஒப்படைக்கிறேன். உங்கள் ஊரிலும் பெரிய சர்வீஸ் சென்டர்களிடம் முதலில் கேளுங்கள், அவர்கள் சேர்த்துவைத்துத்தான் அனுப்புகிறார்கள். எடுப்பவரிடம் வாரியத்தின் அனுமதிச் சான்று இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.